திருவுருவங்களும் கண்காட்சிகளும்

ஆலயத்துக்கு வர இயலாத முதியோருக்கும் நோயாளருக்கும் அருள் பாலிக்கும்பொருட்டு இறைவன் எழுந்தருளி மூர்த்தியாக வீதிக்கு வருகின்றான். மகோற்சவத்தின் கருத்துகளுள் இதுவும் ஒன்றாகும். இத்தகைய திருவுருவங்கள் கண்காட்சிகள் வாயிலாகக் கடல் கடந்து, சைவம் அறியாத மக்கள் முன்னும் சென்றுள்ளன.

பொலநறுவைத் திருமேனிகள்

சோழர் ஆட்சி நிலவிய பொலநறுவையில், சிவதேவாலய இடிபாடுகளிலிருந்து 1907-1908 காலப்பகுதியிலும், பின்னர் 1960இலும் நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. கொழும்பு நூதனசாலையிலுள்ள செப்புப் படிமங்களைப் பற்றிக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914இல் நூலெழுதினார். 1918இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதி, நடராசர் திருநடனத்தின் தத்துவத்தை மேல்நாட்டாருக்கு உணர்த்தியது. 1992 நவம்பர் முதல் 1993 செப்டெம்பர் வரை, இலங்கை நூதனசாலைகளின் பௌத்த, இந்துப் படிமங்கள் அமெரிக்காவின் வொஷிங்டன் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தென்னிந்தியச் சோழர் காலப் படிமங்களின் கண்காட்சி 2002-2003இல் வொஷிங்டன், டலஸ், கிளீவ்லன்ட் ஆகிய மூன்று நகரங்களுக்குச் சென்றது.

கண்ணாடிப் பேழையில் பட்டும் மாலையும் இல்லை, தீபாராதனையும் இல்லை. தக்க விளக்கம் உடன் செல்லாவிடின், காண்போர் அதனை அழகிய உலோகச் சிலையாக மட்டுமே கருதுவர்.

திருடப்பட்ட நடராசர்

தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் சிவாலயத்திலிருந்து திருடப்பட்ட நடராசர், 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994இல் அவ்வாலயத்தில் எடுத்து வைத்திருந்த நிழற்படமே, அவர் எவ்வூர்ப் பெருமான் என்பதை நிரூபிக்கத் துணைநின்றது. 2014 செப்டெம்பரில் அவர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். அந்தப் படம் இல்லாதிருந்தால் உரிமை கோருவது மிகக் கடினமாயிருந்திருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

போரினாலும் இடப்பெயர்வினாலும் குடாநாட்டு ஆலயங்கள் பல இழப்புகளைக் கண்டன. இனியேனும் ஒவ்வோர் ஆலயமும் பின்வருவனவற்றைச் செய்தல் நன்று.

1. திருவுருவம், வாகனம், திருவாசி, விளக்கு ஒவ்வொன்றினதும் உயரம், நிறை, உபயகாரர் பெயர், செய்த ஆண்டு ஆகியவற்றை இடாப்பில் பதிதல்.

2. முன்புறமும் பின்புறமும் நிழற்படம் எடுத்து, ஒரு பிரதியை ஆலயத்துக்கு வெளியே பாதுகாப்பாக வைத்தல்.

3. பூசையிலுள்ள மூர்த்திகளை வெளியே அனுப்பாது, பாவனையிலில்லாத பழைய வாகனங்களையும் படங்களையும் விளக்கக் குறிப்புகளுடன் அயற் பாடசாலைகளில் காட்சிப்படுத்தல். நாவற்குழியில் 2020இல் திறக்கப்பட்ட சிவபூமி அரும்பொருட் காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்வதும் பயன் தரும்.

தன் ஆலயத்தில் உள்ளது இன்னதென அறிந்த ஊரே அதனை உலகுக்கு எடுத்துக்காட்டவும், இழந்தால் மீட்கவும் வல்லது. முன்னோர் தேடிவைத்த இச்செல்வங்களைப் பேணி, இளந்தலைமுறையிடம் கையளிக்க எம்பெருமான் திருவருள் துணைபுரிவதாக.