தொழில் முனைவோருக்கு வணிகப் பள்ளியில் இடமுண்டா?

சொந்தத் தொழில் நடத்தியவருக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி உடனே இடந்தரும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வாரன் பஃபெட் பள்ளிப் பருவத்திலேயே செய்தித்தாள் போட்டுப் பொருளீட்டியவர். நண்பருடன் சேர்ந்து முடிதிருத்தகங்களில் விளையாட்டு இயந்திரங்கள் வைத்தும் காசு பார்த்தவர். ஆயினும் 1950-இல் ஹார்வர்டு அவருக்கு இடம் மறுத்தது. அப்போது அவருக்கு வயது 19. கொலம்பியா ஏற்றது; அங்கே பெஞ்சமின் கிரகாமிடம் பயின்று 1951-இல் பட்டம் பெற்றார்.

தேர்வுக் குழுவினர் இலாபத்தை மட்டும் எடைபோடுவதில்லை. பணியாட்களை எப்படி நடத்தினார், நட்டத்தில் என்ன செய்தார் என்றும் பார்ப்பர். சம்பளக்காரருக்கு மேலதிகாரி பரிந்துரைக் கடிதம் தருவார். முதலாளிக்கு யார் தருவார்? முதலீடு செய்தவரோ நெடுநாள் வாடிக்கையாளரோ தரலாம். தந்தையார் எழுதினால் எடுபடாது! இவற்றினும் கடினமான வினா, நடக்கும் தொழிலை விட்டு ஈராண்டு படிப்பானேன் என்பது. தொழிலை விரிவாக்க நிதி நிர்வாகம் கற்கவேண்டும் என்பது விடை. பட்டத்தின் பெருமைக்காக என்பது விடையன்று.