புதிர் விளையாடினால் மருந்து கிடைக்குமா?

கேள்வி: கம்ப்யூட்டரில் புதிர் விளையாடுகிறவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவுகிறார்களாமே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். 'ஃபோல்டிட்' என்ற விளையாட்டை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்டார்கள். திரையில் ஒரு புரதம் தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும். அதை இழுத்து, முறுக்கி, கச்சிதமாக மடிக்க வேண்டும். ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். இயற்கையில் புரதம் பெரும்பாலும் ஆற்றல் மிகக் குறைந்த வடிவத்தில்தான் நிலைகொள்கிறது. அந்த வடிவம் தெரிந்தால், மருந்து எந்த இடுக்கில் போய் ஒட்டும் என்று யோசிக்கலாம்.

குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் வைரஸ் ஒன்றின் நொதிப் புரதத்தின் வடிவம், பத்தாண்டுகளுக்கு மேல் விஞ்ஞானிகளுக்குப் பிடிகொடுக்கவில்லை. ஆட்டக்காரர்களிடம் விட்டார்கள். மூன்றே வாரத்தில், எக்ஸ்ரே தரவோடு பொருந்தும் மாதிரி வந்துவிட்டது! இதைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஆட்டக்காரர் குழுக்களும் உண்டு. இத்தனைக்கும் பெரும்பாலோர் உயிர்வேதியியல் பக்கமே போகாதவர்கள். மதிப்பெண் சரிந்தாலும் சரி என்று, கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. கணினி நிரல்கள் தடுமாறியது அங்கேதான்.

அதற்காக மருந்துக்கடையில் போய் ஃபோல்டிட் மாத்திரை கேட்காதீர்கள். வடிவம் கண்டுபிடிப்பது முதல் படி மட்டுமே. அந்த வேலையிலும் இப்போது ஆல்ஃபாஃபோல்ட் போன்ற செயற்கை நுண்ணறிவு முந்திக்கொண்டுவிட்டது. ஃபோல்டிட்காரர்கள் இயற்கையில் இல்லாத புதுப் புரதங்களை வடிவமைப்பதிலும் இறங்கியிருக்கிறார்கள். இதே துறைக்காகத்தான், ஃபோல்டிட் பிறந்த ஆய்வகத்தின் டேவிட் பேக்கருக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

விளையாட்டு இலவசம். ஆரம்பத்தில் தலை சுற்றும். பயிற்சிப் புதிர்களை முடிக்காமல் மூடிவிடாதீர்கள்.