தேநீர்க் கிளாசும் தேக ஆரோக்கியமும்



சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியில் கடையில் அமர்ந்து ஒரு தே தாரிக் குடிக்கிறோம். பத்து மணிக்கு வேலையிடத்தில் இன்னொன்று. அஸருக்குப் பிறகு ஒன்று. இரவில் நண்பர்கள் கூடினால் அதற்கும் ஒன்று. இவற்றையெல்லாம் நாம் உணவென்று கணக்கில் சேர்ப்பதே இல்லை. "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று டாக்டர் கேட்டால், "ஒன்றுமில்லை டாக்டர், ஒரு தேத்தண்ணிதான்" என்கிறோம். அந்த "ஒன்றுமில்லை"யில் என்ன இருக்கிறது என்பதே இம்மாதப் பாடம்.

டின் பால் நம் கைக்கு வந்த கதையை முதலில் பார்ப்போம். அமெரிக்கரான கேல் போர்டன் என்பவர் 1856-ஆம் ஆண்டில் பாலைச் சுண்ட வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுண்டிய பாலில் ஏராளமாகச் சீனியைச் சேர்த்து டின்னில் அடைத்தால் அது மாதக்கணக்கில் கெடுவதில்லை. ஊறுகாய்க்கு உப்பு செய்யும் வேலையைத்தான் இங்கே சீனி செய்கிறது. கிருமிகள் பெருகுவதற்கு வேண்டிய ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே அந்தச் சீனி பால் கெடாமலிருக்கப் போடப்பட்டது. ருசி அதனுடன் சேர்ந்து வந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத அந்நாளில், மலாயாவின் வெயிலில் கறந்த பால் அரைநாள் தாங்காது. தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் டின் பால் ஒரு பெரும் வசதியாக வந்ததில் வியப்பில்லை. இன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் குளிர்ப்பெட்டி இருக்கிறது. காரணம் போய்விட்டது, சீனி மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

இந்த டின்னைப் பற்றி நம் பக்கத்திலேயே எழுந்த ஓர் எச்சரிக்கையையும் அறிந்துகொள்வது நல்லது. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் டாக்டர் 1936-இல் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரில் பணிபுரிந்தார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு இனிப்பு டின் பாலைக் கரைத்துக் கொடுத்ததனால் கைக்குழந்தைகள் மெலிந்து மடிவதை அவர் கண்ணால் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைக்கப்பட்டபோது, "பாலும் கொலையும்" என்று பொருள்படும் தலைப்பை வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட விளம்பரம் கொலைக்கு ஒப்பானது என்று கூசாமல் சொன்னார். குழந்தைப் பால் மாவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் உலக விதிமுறை 1981-இல்தான் வந்தது. இடையில் 42 ஆண்டுகள்!

நிற்க. இன்று கடையில் விற்கும் டின் பல வேளைகளில் பால்கூட அல்ல. எழுத்துக்களைக் கவனியுங்கள்: "சூசூ" என்று இராது, "கிரீமர்" என்று இருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்துச் செய்தது அது. பாலில் உள்ள புரதம் அதில் மிகக் குறைவு. தேநீருக்கு நிறம் தரும், கெட்டி தரும், நுரையும் தரும். அதைச் சுடுநீரில் கரைத்து, "பால் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போ" என்று பிள்ளைக்குக் கொடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சீனியும் எண்ணெயுமே.

கிளாசுக்குள் எவ்வளவு விழுகிறது? கடை நடத்தும் நண்பர் ஒருவரிடம், "நீங்கள் எப்போதும் ஊற்றுகிறபடியே ஊற்றுங்கள்" என்று கேட்டுக்கொண்டு, சமையல் தராசின்மேல் கிளாசை வைத்தோம். முதல் முறை 38 கிராம். அடுத்த முறை பேச்சு சுவாரசியத்தில் 44 கிராம். சராசரி 40 என்று வைத்துக்கொள்வோம். இனிப்புக் கிரீமரின் எடையில் ஏறக்குறையப் பாதி சீனி. ஆகவே ஒரு கிளாசில் 20 கிராம், அதாவது 4 அல்லது 5 தேக்கரண்டி. மூன்று கிளாசுக்கு 60 கிராம். ஒரு நாளில் நாம் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய அளவு. சோற்றையும் ரொட்டி சானாயையும் பலகாரத்தையும் நாம் இன்னும் தொடவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். சீனிக்குப் பதில் தேனும் குலா மலாக்காவும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் அறிக: அந்த 50 கிராம் கணக்கில் அவையும் சேர்த்தி.

விளைவு என்ன? 2019-இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023-இல் அது 15.6 விழுக்காடாக இறங்கியது. அப்படியும் ஆறு பேரில் ஒருவர். அவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்குத் தமக்கு வியாதி இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்திய வம்சாவளியினரே முன்னிலையில் நிற்கிறோம். குடும்பவழியில் வருகிற பலவீனம் ஒரு காரணம்தான். அதனாலேயே மற்றவர்களைவிட நாம் கூடுதல் கவனமாயிருக்க வேண்டியவர்கள். சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த நீரிழிவே. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்கும் உறவினர் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. சீனிக்குக் கொடுத்து வந்த கிலோவுக்கு 34 காசு மானியம் 2013 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. 2019 ஜூலை முதல் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பான வகைகளுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. பின்னர் அது உயர்த்தவும் பட்டது. ஆனால் இந்த வரி அடைத்து விற்கும் பானங்களுக்கு. கடையில் கையால் ஆற்றிக் கொடுக்கும் தேநீரை அது தொடுவதில்லை. அந்தக் கிளாசின் அளவைத் தீர்மானிப்பது சட்டமன்று, தேநீர் கலக்குகிறவரின் கரண்டி!

பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் நம்மவர்கள் அங்குள்ள பானங்களில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துக்களைப் பார்த்திருப்பார்கள். 2022 டிசம்பர் இறுதியிலிருந்து அடைத்த பானங்களுக்கும், ஓராண்டு கழித்துப் பெரிய கடைகளில் அப்போதே கலந்து தருவனவற்றுக்கும் அந்த முறை வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. படிக்கத் தெரிந்த பிள்ளையே அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்திவிடும். இங்கே டின்னின் பின்புறத்திலுள்ள சிறு கட்டத்தை நாமே தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. நாமோ ஹலால் முத்திரையைக் கண்டதும் டின்னைக் கூடையில் போட்டுவிடுகிறோம். முத்திரையைத் தேடிய கண்ணுக்கு அதே டின்னைத் திருப்பி "குலா" என்ற வரியையும் படிக்க எவ்வளவு நேரமாகும்?

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைப் படித்து முகம் சுளிக்கக் கூடும். நம் சமூகத்தில் பலருக்கு இதுவே பிழைப்பு. வியாபாரத்தைக் கெடுப்பது நம் நோக்கமல்ல. "இனிப்பு குறைந்தால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்" என்று தராசு பார்த்த அந்த நண்பரே சொன்னார். நியாயமான பயம். ஆனால் 40 கிராமை ஒரே நாளில் 20 ஆக்கச் சொல்லவில்லை. இம்மாதம் 35, அடுத்த மாதம் 30 என்று இறக்கினால் நாக்கு தானே பழகிவிடும். டின் செலவும் குறையும். குடிப்பவருக்கும் ஒரு வார்த்தை: "குராங் மானிஸ்" என்பதற்கு அளவு கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. பால் வேண்டுமென்றால் சீனி சேராத டின் பாலில் போடும் "தே சி கோசோங்" இருக்கிறது. நோன்பு திறக்கும் வேளையில் பீப்பாயில் கரைக்கும் ரோஜா நிறச் சர்பத்தையும் பள்ளிவாசல் பொறுப்பாளர்கள் ஒருமுறை அளந்து பார்க்கலாம். பேரீச்சம் பழமும் தண்ணீரும் கஞ்சியும் இருக்கையில் அது பெரிய இழப்பாகாது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், பெற்றோரில் ஒருவருக்கேனும் வியாதி உள்ளவர்களும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அது ஒரு கிளாஸ் தே தாரிக்கின் விலைகூட இல்லை. வெறும் வயிற்றில் போகச் சொல்லியிருந்தால் வழியில் "ஒன்றுமில்லை, ஒரு தேத்தண்ணிதான்" என்று குடித்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பால் டின்னின் மேலுறையைக் கழுவிக் கிழித்து எடுத்து வாருங்கள். தராசை நாம் கொண்டு வருகிறோம்.