உங்கள் வீட்டு வயருக்கு வயசு என்ன?

‘சித்த வைத்தியர் சூரணம், கஷாயம் பற்றி எழுதாமல் கரண்ட் வயரைப் பற்றி ஏன் எழுதுகிறார்?’ என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கரண்ட் அடித்து இதயம் நின்றுபோனவருக்கு எங்கள் சூரணம் எதுவும் உதவாது. வராமல் தடுப்பதுதான் வைத்தியம்.

தேனிப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரம் போன்ற ஊர்களில் பழைய ஓட்டு வீடுகளை இன்னும் பார்க்கலாம். லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1958-ல். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வயரிங் செய்த வீடு என்றால், அந்த வயருக்கு இன்று ஐம்பது வயசு தாண்டிவிட்டது. அன்றைக்கு இரண்டு குண்டு பல்பு, ஒரு ரேடியோ. இன்றைக்கு? ஃப்ரிஜ், கிரைண்டர், மிக்ஸி, ஹீட்டர்... தாத்தாவை இளவட்டக்கல் தூக்கச் சொன்ன மாதிரி!

கண்டுபிடிப்பது எப்படி?

நோயைக் கணிக்க எங்களுக்கு எண்வகைத் தேர்வு உண்டு. வயரிங்குக்கும் நிறம் பார்க்கலாம், சத்தம் கேட்கலாம். ஸ்பரிசம் மட்டும் கூடவே கூடாது!

* சுவரில் மரச்சட்டம் அடித்து, தகரக் கிளிப் போட்டு ஓடும் வயர்.

* ரப்பரும் துணியும் சுற்றிய வயர். ரப்பர் காய்ந்து உதிர்ந்தால் உள்ளே வெறும் கம்பிதான்.

* அலுமினியக் கம்பி. திருகும் இடத்தில் நாளடைவில் தளர்ந்து சூடேறும்.

* இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட் மட்டுமே உள்ள வீடு. அங்கே எர்த் கிடையாது.

* போர்டில் ‘சர்ர்’ சத்தம், கருகல் வாடை, பழுப்புக் கறை.

சாரல் நாளில் சுவரைத் தொட்டால் ‘சுர்’ரென்கிறதா? யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

‘ஃபியூஸ்தான் இருக்கே டாக்டர்?’

ஃபியூஸ் வயரைக் காப்பாற்றும், உங்களை அல்ல. கணக்கைப் பாருங்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர். உடம்பில் 10 மில்லி ஆம்பியர் அளவு பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 50 முதல் 100 வரை போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால் 200-க்கு மேலும் பாயக்கூடும். ஃபியூஸோ சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்!

மனிதரைக் காக்க வேறொரு கருவி உண்டு: 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்த்து, வித்தியாசம் வந்த கணமே அணைத்துவிடும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மட்டும் இதற்கும் தெரியாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தமாக மாற்றப் பணம் இல்லையா? முதலில் எர்த், ஆர்.சி.சி.பி. அப்புறம் குளியலறை, சமையற்கட்டு, மோட்டார் லைன். ‘அடிக்கடி விழுகிறதே’ என்று ஆர்.சி.சி.பி.யை நீக்கி நேர் கனெக்ஷன் கொடுக்காதீர்கள். எங்கோ கசிகிறது என்று நாடி பேசுகிறது, கசிவைத் தேடுங்கள். ஃபியூஸ் போனால் கைக்கு வந்த தடிமனான கம்பியைக் கட்டாதீர்கள். துணி காயப்போட இரும்புக் கொடிக்கம்பி வேண்டாம், நைலான் கயிறு போதும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் பழுதானால் நீங்கள் கை வைக்காமல் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஷாக் அடித்துவிட்டால்...

ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விலக்குங்கள். 108-ஐ அழையுங்கள். உணர்வும் மூச்சும் இல்லையென்றால், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். கை காலைத் தேய்த்து நேரத்தைப் போக்காதீர்கள். மயங்கியவர் எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்றாலும் நம்பாதீர்கள். இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம். இ.சி.ஜி. எடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேனி மாவட்டத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம், சர்க்கரை டெஸ்ட் செய்கிறோம். வீட்டு வயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் பிறக்கும் முன்பே!