கோடையைத் தேக்கும் அணை

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கே, ரோன் ஆற்றங்கரையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் சியோன் நகரம் அமைந்துள்ளது. அங்கிருந்து மிதிவண்டியில் தெற்கே புறப்படுவோர் எரெமான்ஸ் பள்ளத்தாக்கின் வளைவுகளில் இடைவிடாது ஏற வேண்டும். திராட்சைத் தோட்டங்கள் மறைந்து ஊசியிலைக் காடுகள் தோன்றும். காடும் முடிந்தபின் புல்வெளியே எஞ்சும். சாலை முடியுமிடத்தில் பள்ளத்தாக்கையே அடைத்தபடி சாம்பல்நிறச் சுவரொன்று நிற்கும். அதுவே கிராண்ட் டிக்சான்ஸ் அணை.

இதன் உயரம் 285 மீட்டர். தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கும் அணைகளுள் உலகிலேயே உயரமானது இதுதான். அடிப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ 200 மீட்டர். உச்சியிலோ 15 மீட்டரே. மேலே செல்லக் கம்பிவட ஊர்தி உண்டு. ஆயினும், மிதிவண்டியை நிறுத்திவிட்டு நடந்து ஏறுபவருக்கே அச்சுவரின் பருமன் புலப்படும். 2,364 மீட்டர் உயரத்திலுள்ள உச்சியை அடைந்தால், 40 கோடி கனமீட்டர் நீரைக் கொள்ளும் தீஸ் ஏரி கண்முன் விரியும்.

ஏறிவந்தவரின் உழைப்பை அளந்து பார்க்கலாம். வண்டியோடு சேர்த்து அவரது எடை 80 கிலோ எனில், சியோனிலிருந்து இவ்வளவு உயரம் ஏறச் செய்த வேலை அரை யூனிட் மின்சாரத்துக்கும் குறைவு! அதே உயரத்தைத்தான் நீர் இறங்கிக் கடக்கிறது. ரோன் சமவெளியிலுள்ள பியூட்ரோன் மின்நிலையத்தை நோக்கி அது ஏறத்தாழ 1,880 மீட்டர் பாய்கிறது. இழப்புகளைக் கழிக்காமல் கணக்கிட்டால், ஒரு கனமீட்டர் நீர் தரும் ஆற்றல் 5 யூனிட்.

இந்நீரின் பெரும்பகுதி பனியாறுகள் உருகி வருவது. தொலைவிலுள்ள செர்மாட் பகுதியின் உருகுநீரும் மலையைக் குடைந்த சுரங்க வழிகளால் இங்குச் சேர்கிறது. ஏப்ரலில் வற்றிக் கிடக்கும் ஏரி, செப்டம்பர் இறுதியில் நிரம்புகிறது. கோடையில் உருகிய நீர் குளிர்கால வீடுகளுக்கு ஒளியாகிறது. ஆதலால் கோடையின் தொடக்கத்தில் வருவோர் நீலப்பரப்பைவிட, அதைச் சூழ்ந்த வெற்றுப்பாறை வளையத்தையே மிகுதியாகக் காண்பர்.

கரையோரப் பாதையில் தெற்கே நடந்தால் செய்லோன் பனியாற்றின் பக்கம் செல்லலாம். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் பனியில் ஏறத்தாழ பத்திலொரு பங்கை இழந்தன. மிகையாக உருகும் காலத்தில் நீர்வரத்து கூடும். ஆனால் அது சேமிப்பின் வட்டியன்று, முதலே கரைந்து வருவது. பனி பின்வாங்கிய இடங்களில், அது சுமந்துவந்த கற்குவியல்கள் மட்டும் கிடக்கின்றன.