குதிரையேறி நீலகிரி சென்ற வழி

பாரிவாக்கத்தினின்று தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடப்போமாயின், பூவிருந்தவல்லியில் மேற்றிசை செல்லும் நெடுஞ்சாலையை அடைவோம். இன்று அங்கே ஓயாது விரையும் ஊர்திகளைக் காண்பார்க்கு, அது முன்னாளிற் குளம்பொலி கேட்ட வழி என்பது தோன்றாது. சென்னைக் கோட்டைக்கு ஏறத்தாழ 14 மைல் தொலைவிலுள்ள அவ்வூரில் ஆங்கிலேயர் ஒரு படைவீடு வைத்திருந்தனர். கோடையின் வெம்மைக்கு ஆற்றாது ஆர்க்காடு, பெங்களூர், மைசூர் வழியாக நீலகிரி சென்றோர்க்கு இம்மேற்குச் சாலையே தொடக்கம். அப்பிரயாணம் நிகழ்ந்தவாற்றையும், அதன் வருத்தத்தை ஏற்றவர் யாவர் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

குதிரை விரைந்து செல்வது என்று யாவரும் சொல்வர். பல நாட் பயணத்தில் அவ்விரைவு பயன்படுவதில்லை. மென்னடையில் அது மணிக்கு 4 மைல் செல்லும். ஓட்டநடையில் 8 மைல் செல்லும். ஆயினும் நாள்தோறும் சுமை தாங்கும் குதிரையை 15 அல்லது 20 மைலுக்கு மேற் செலுத்துதல் தகாது. அதன் முதுகின்மேல் ஏறும் பாரம், சேணத்தோடு கூட, அதன் நிறையில் ஐந்திலொரு பங்கினை மிஞ்சலாகாது. வைகறையிற் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் சத்திரத்திலோ தோப்பிலோ இறங்கி, உடலைத் தேய்த்து, நீர் காட்டி, கொள்ளு வைப்பர். இக்கணக்கின்படி சென்னையிலிருந்து உதகைக்கு 400 மைல் செல்ல இருபது நாளேனும் ஆகும். 1834ஆம் ஆண்டில் அவ்வழியே சென்ற மெக்காலே என்பார் குதிரையை நாடாது, அத்தொலைவு முழுவதும் பல்லக்கில் மனிதர் தோள்மீதே சென்றார்!

1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. 1873ஆம் ஆண்டில் மேட்டுப்பாளையத்துக்கும் இருப்புப்பாதை வந்தது. அதன் பின் சமவெளிப் பயணம் ஒழிந்து, மலையேற்றம் ஒன்றே குதிரைக்கு எஞ்சியது.

அம்மலையை ஆங்கிலேயர் 'கண்டுபிடித்தனர்' என எழுதுவாருளர், அது பொருந்தாது. தோதவர், படகர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோர் அங்கு வாழ்ந்தனர். பெனீச்சியோ என்னும் இயேசு சபைப் பாதிரியாரும் 1603ஆம் ஆண்டிலேயே தோதவரைக் கண்டு எழுதியுள்ளார். 1818ஆம் ஆண்டில் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரு துணை அதிகாரிகளும், அடுத்த ஆண்டிற் கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவனும் மலையேறினர். பின்னர்ச் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஒரு குதிரைப்பாதை வெட்டப்பட்டது. 1830ஆம் ஆண்டை யடுத்துக் குன்னூர்க் கணவாய் வழி அமைந்தது.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,000 அடி. குன்னூர் ஏறத்தாழ 6,000 அடி. இடையிலுள்ள வழியோ இருபது மைல் அளவினதே. நம் முன்னோர் குதிரைக்கு மயில், குரங்கு, புலி, எருது, மல்லன் ஆகியோர் நடையையொட்டி ஐந்து கதிகள் வகுத்தனர். இவ்வேற்றத்தில் எருதின் கதி ஒன்றே உதவும் என்பது எம் துணிபு. ஏறுங்கால் வீரன் முன் சாய்ந்து, கடிவாளத்தைத் தளர்த்தி, குதிரை தன் தலையைத் தாழ்த்தி அடி தேர்ந்து வைக்க இடங்கொடுத்தல் வேண்டும். கல்லாற்றின் கமுகந்தோப்புக்களும் மூங்கிற்காடும் கீழே ஒழிய, மேலே மூடுபனியும் சோலைக்காடும் தோன்றும். மறுநாள் 12 மைல் சென்றால் உதகை. அப்பாற் புல்வெளி வழியே பைக்காரா, நடுவட்டம், கூடலூர் எனப் பல நாள் செல்லலாம். அப்புல்வெளி தோதவரின் எருமைகள் மேய்ந்த நிலம் என்பதைக் குதிரையேறி வந்தோர் பலர் நினைத்திலர்.

அவர்கள் நினையாத பிறரும் உளர். சென்னை இராசதானியில் ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரன் ஒருவனும், புல்லறுப்பார் ஒருவரும் இருத்தல் வழக்கம். பின்னவர் பெரும்பாலும் முன்னவன் மனைவியே. துரை குதிரைமேற் செல்ல, குதிரைக்காரன் அதன் பக்கத்தே நடந்தும் ஓடியும் செல்வான். தங்குமிடம் சேர்ந்தபின் துரை நாற்காலியில் அமர்ந்து அன்று கண்ட அருவியைக் குறித்துக் கடிதம் எழுதுவார். அப்பொழுது குதிரைக்காரன் வியர்வை துடைத்து, லாடத்திற் சிக்கிய கல்லை அகற்றி, சேணம் உராய்ந்த புண் உண்டோ எனப் பார்ப்பான். அவன் மனைவி அரிவாளுடன் சரிவில் இறங்கிப் புல் தேடுவாள். அதே மலையை அவ்விருவரும் காலாலேயே ஏறினர். குளிருக்கு அவர்க்கு இருந்தது ஒரு கம்பளி. எத்தனையோ பிரயாண நூல்களிற் குதிரையின் பெயரும் நிறமும் உள. அவ்விருவர் பெயரை யாம் கண்டிலேம்.

1899ஆம் ஆண்டிற் பல்சக்கர இருப்புப்பாதை குன்னூரையும், 1908ஆம் ஆண்டில் உதகையையும் எட்டிற்று. அதற்கு முன், இறங்கும் வழி மிகச் செங்குத்தாகுமிடத்துத் துரையும் சேணத்தினின்று இறங்கியே தீர வேண்டும். ஏனெனில் இறக்கத்திற் சுமை முழுவதும் குதிரையின் முன்கால்களிலே விழும். அவ்விடத்திலிருந்து கல்லாறு வரை குதிரைக்காரன் கடிவாளம் பிடித்து முன்னே நடக்க, துரை பின்னே நடந்தார். புற்கட்டுடன் அவள் அவர்க்கும் பின்னே வந்தாள்.