ஜீப் வாங்க முன்னம் லைட்டைப் போட்டுப் பார், தங்கச்சி

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதிலிருந்து பதுளையிலும் பண்டாரவளையிலும் வாகன யாட்டுப் பக்கம் போனால் நம் பிள்ளைகள் யாராவது நின்று விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் உழைத்த காசு, வாத்தியார் சம்பளத்தில் லீசிங், அப்பாவுடைய ஈ.பி.எஃப். பணம், கொழும்பில் இருக்கும் அண்ணன் கொடுத்தது என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஜீப் எடுத்துவிடலாம் என்ற ஆசை. நல்ல ஆசைதான். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக தோட்டத்து லொறிக்குக் காத்து நின்ற காலத்தை நம் அம்மாமாரிடம் கேட்டால் தெரியும். அதனால் உனக்கு ஏன் ஜீப் என்று நான் கேட்கமாட்டேன். வாங்குகிற ஜீப் இந்த மலைக்குப் பொருந்த வேண்டும். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது முன் லைட்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். போனில் வீடியோ பார்த்தே வண்டியை முடிவு செய்துவிட்டு யாட்டுக்குப் போகாதே. சென்னைக்காரர் ஒருவர் பேசுகிறார், மலேசியக்காரர் ஒருவர் பேசுகிறார், லண்டனில் இருக்கும் மாமா மகன் ஒன்றை அனுப்புகிறான். பெயர் ஒன்று என்பதற்காக வண்டியும் ஒன்றாகிவிடாது. சுசூகி ஃப்ரொங்ஸை எடுத்துக்கொள். குஜராத்தில் செய்கிறார்கள், ஜப்பானிலும் 2024 ஒக்டோபர் முதல் அதே தொழிற்சாலை வண்டியைத்தான் விற்கிறார்கள். ஆனால் ஜப்பானுக்குப் போகிற ஃப்ரொங்ஸுக்கு 1.5 லீட்டர் இயந்திரம், நாலு சக்கர இழுவை வேண்டுமென்றால் அதுவும் உண்டு, முன்னால் ஆள் வந்தால் தானே பிரேக் பிடிக்கிற வசதி உண்டு. இந்தியாவில் விற்கிற ஃப்ரொங்ஸுக்கு நாலு சக்கர இழுவை இல்லை, இயந்திரமும் வேறு. ஐந்து கதவு ஜிம்னியும் இந்தக் கதைதான். இந்தியாவில் 2023இல் வந்தது, ஜப்பானில் 2025இல் நோமாட் என்ற பெயரில் அறிவித்த சில நாட்களிலேயே ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் பதிந்து, கம்பெனியே பதிவை நிறுத்தி வைத்தது. இந்தியாவில் விற்கிறதில் இல்லாத, தானே பிரேக் பிடிக்கிற வசதி ஜப்பானுக்குப் போகிறதில் உண்டு.

ஹொண்டாவில் இன்னும் குழப்பம். நம் வீதியில் நிறைய ஓடுகிற வெசெல், பிரிட்டனில் எச்.ஆர்.வி. என்று ஓடுகிறது. ஆனால் அமெரிக்காவில் 2022 முதல் எச்.ஆர்.வி. என்று விற்கிறது ஜப்பானின் இசட்.ஆர்.வி. என்ற பெரிய வண்டி. பெயரைப் பார்த்து அமெரிக்க லைட்டுக்கு ஓடர் கொடுத்தால் பொருத்தவே முடியாது.

ஒரே நாட்டுக்குள்ளும் கிரேடுக்குக் கிரேடு லைட் மாறும். ஜப்பானில் 2018இல் வந்த ஜிம்னி சியராவில் ஜே.எல். கிரேடு என்றால் ஹலோஜன், ஜே.சி. என்றால் எல்.இ.டி. இந்திய ஜிம்னியில் ஸீட்டா ஹலோஜன், அல்ஃபா எல்.இ.டி., அதோடு கண்ணாடியைக் கழுவுகிற தண்ணீர்ப் பீச்சலும் உண்டு. ஆகவே யாட்டுக்காரரிடம் வருஷத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதே, எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தது, என்ன கிரேடு என்று கேள். ரீகண்டிஷன் என்றால் ஜப்பான் ஏலத் தாளைக் காட்டச் சொல். மூலத் தாளைக் கேள், போட்டோ கொப்பியை வைத்து முடிவெடுக்காதே.

லைட்டை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், வழி அப்படி. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது பின்னேரம் மூன்று மணிக்கே மூடுபனி வீதியில் உட்கார்ந்துவிடும். பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற வழியில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் கவிழ்ந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. ஆனால் தார் எங்கே முடிந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பது ஸ்டியரிங் பிடிக்கிற எவருக்கும் தெரிந்தாக வேண்டும். அதோடு நம் தோட்டத்து வீதியில் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற பெண்கள் கறுப்புக் கம்பளியோ ரெட்டுச் சாக்கோ போர்த்திக்கொண்டு ஓரமாக நடப்பார்கள். அவர்கள் உன் லைட்டில் படுகிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

சரி, எப்படிப் பார்ப்பது? யாட்டுக்குப் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு போ. வெயிலில் எந்த லைட்டும் அழகாகத்தான் இருக்கும். சமதரையில், ஒரு வெள்ளைச் சுவருக்கு முகம் காட்டி வண்டியை ஒட்டி நிறுத்தச் சொல். இரண்டு லைட்டுக்கும் நடுப் புள்ளியின் உயரத்தைச் சுவரில் சோக்கால் குறித்துக்கொள். பிறகு நேராக 10 மீட்டர் பின்னால் எடுத்து, டிம் போடச் சொல். ஓட்டுகிற சீட்டில் ஆள் இருக்கட்டும், டயருக்குக் காற்றும் சரியாக இருக்கட்டும். நல்ல டிம் லைட் சுவரில் ஒரு கோடு போடும். கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். அந்தக் கோடு நீ குறித்த உயரத்திலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இறங்கி இருந்தால் அது ஒரு சதவீத இறக்கம். ஐரோப்பிய விதிப்படி வந்த வண்டியில் லைட்டுக்குப் பக்கத்திலேயே 1.0% என்பது போல் எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள்.

இனித்தான் முக்கியமான இடம். கோடு இடப்பக்கம் மேலே ஏற வேண்டும். சிலதில் சாய்ந்து ஏறும், சில புதிய எல்.இ.டி.யில் படிக்கட்டு மாதிரி ஏறும். நாம் இடப்பக்கம் ஓடுகிறோம், அதனால் இடது ஓரம் தூரம் வரை தெரிய வேண்டும், வலப்பக்கம் எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் தாழ்ந்து இருக்க வேண்டும். ஜப்பான், இந்தியா, தாய்லாந்து, மலேசியா, பிரிட்டன், அவுஸ்திரேலியா எல்லாம் நம் பக்கந்தான். டுபாய், சீனா, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் மறுபக்கம். அந்த நாடுகளுக்குச் செய்த லைட்டில் கோடு வலப்பக்கம் ஏறும். நம் வீதியில் அது எதிரே வருகிற பஸ் டிரைவர் கண்ணில் நேராகக் குத்தும், நீ பார்க்க வேண்டிய இடது ஓரமோ இருட்டில் கிடக்கும்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டியில் மறுபக்க லைட் எப்படி வரும் என்று கேட்பாய். முன்னால் ஒரு தடவை அடிபட்டு, மலிவாகக் கிடைத்ததை இணையத்தில் வாங்கிப் பூட்டினால் வரும். சுவரில் இரண்டு லைட்டும் இரண்டு விதமாகக் கோடு போட்டால் அதைக் கேள். இரண்டு லைட் கண்ணாடியிலும் அச்சான எண்களையும் டோர்ச் அடித்துப் பார். ஜப்பான் லைட்டென்றால் கொய்ட்டோ, ஸ்டான்லி, இச்சிக்கோ என்று செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்கும். ஐரோப்பிய விதிக்கு ஏற்றதில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண், அங்கீகாரம் கொடுத்த நாட்டைச் சொல்லும், செய்த நாட்டை அல்ல. 11 பிரிட்டன், 43 ஜப்பான். அதோடு ஒரு அம்புக்குறி தேடு. லைட்டைப் பார்த்து நீ நிற்கும்போது அம்பு உன் வலக்கைப் பக்கம் காட்டினால் இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக்குச் செய்தது, நமக்குச் சரி. இரண்டு பக்கமும் காட்டினால் இரண்டுக்கும் மாற்றக்கூடியது. வட்ட ஈ இருந்து அம்பே இல்லை என்றால் மறுபக்க நாட்டு லைட். எஸ்.ஏ.ஈ., டி.ஓ.டி. என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது, அதை எடுக்காதே.

ஹலோஜனா எல்.இ.டி.யா? கம்பெனியே பூட்டிய எல்.இ.டி. நல்ல வெளிச்சம், மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் பழுதானால் பல வண்டிகளில் முழு லைட்டையும் மாற்ற வேண்டும். விலை பேசும்போதே ஒரு பக்க லைட்டின் விலை என்ன என்று கேட்டு வை. ஹலோஜன் என்றால் பலதில் எச்4 பல்ப், 60/55 வோட், சின்ன டவுனிலும் கிடைக்கும், நீயே மாற்றலாம். தோட்டத்துக்குள்ளே ஆழமாக இருக்கிற வீடு, மாதத்தில் நாலு நாள்தான் இரவு ஓட்டம் என்றால் கண்ணாடி தெளிவாக உள்ள ஹலோஜனே போதும் என்பேன். கண்ணாடி மஞ்சளாகி மங்கிப் போயிருந்தால் பல்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, முதலில் கண்ணாடியைப் பொலிஷ் பண்ண வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. ஹலோஜன் லைட்டுக்குள் கடையில் விற்கிற எல்.இ.டி. பல்ப்பைப் போடாதே. உள்ளே இருக்கும் கிண்ணம் ஹலோஜன் இழை எரிகிற இடத்தைக் கணக்குப் பார்த்துச் செய்தது. வேறு பல்ப் போட்டால் கோடு கலைந்து வெளிச்சம் நாலு பக்கமும் சிதறும். உனக்கு முன்னால் பளீரென்று இருப்பதால் நன்றாகத் தெரிகிற மாதிரி இருக்கும், தூரம் தெரியாது, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். பிரிட்டனில் அப்படி மாற்றிய கார் வருடாந்தப் பரிசோதனையில் தேறாது.

மூடுபனிக்கு வருவோம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு ஜப்பானில் புதிதாக வந்த மொடல்களிலும், 2021 ஒக்டோபர் முதல் முன்பிருந்தே விற்கிற மொடல்களிலும், இருட்டினால் லைட் தானே எரிவது கட்டாயம். அதை நம்பி சுவிட்சை மறந்துவிடாதே. அந்தக் கருவி வெளிச்சத்தின் அளவைத்தான் அளக்கிறது. பகல் மூடுபனி வெள்ளையாக வெளிச்சமாகத்தான் இருக்கும், கருவிக்கு அது பகல். நீ சாம்பல் நிற வண்டியில் லைட் இல்லாமல் அப்புத்தளையில் ஏறிக்கொண்டிருப்பாய், எதிரே வருகிறவருக்குத் தெரியமாட்டாய். பனி வந்தால் கையாலே டிம் போடு. ஹை பீம் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகி உன் கண்ணுக்குத் திரும்பி வரும். முன் ஃபொக் லைட் இருந்தால் போடு. அது தாழ்வாக, அகலமாக விழுவதால் வீதியின் ஓரம் தெரியும். மஞ்சளா வெள்ளையா என்பதைவிட, தாழ்வாக விழுகிறதா என்பதே முக்கியம். பிரான்சில் 1993 வரை முன் லைட் எல்லாம் மஞ்சள்தான், பிறகு விட்டுவிட்டார்கள்.

பின்னுக்கும் ஒரு சிவப்பு ஃபொக் லைட் உண்டு. ஐரோப்பாவில் கட்டாயம், ஜப்பானில் கட்டாயமில்லை. அதனால் ஜப்பான் வண்டிகளில் பலதில் இராது. பிரிட்டிஷ் வீடியோவில் பார்த்தது உன் வண்டியிலும் இருக்கும் என்று நினையாதே, இருந்தால் உனக்கு நல்லது. பனி விலகியதும் நிறுத்திவிடு, பின்னால் வருகிறவருக்கு அது பிரேக் லைட் மாதிரிக் குத்தும்.

ஹை பீமைத் தானே ஏற்றி இறக்குகிற வசதியும் இப்போது வருகிறது. எதிரே வருகிற வண்டி இருக்கிற இடத்தை மட்டும் இருட்டாக்குகிற வகை ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் முன்பே வந்துவிட்டது, அமெரிக்கா 2022இல்தான் அனுமதித்தது. நேர் வீதியில் அருமையான வசதி. நம் முடக்குகளில் நான் அதை நிறுத்திவைக்கச் சொல்வேன். எதிரே வண்டி வருவது மரத்திலும் மண்மேட்டிலும் விழுகிற வெளிச்சத்தில் நமக்கு முதலே தெரிந்துவிடும், நாம் இறக்கிவிடுவோம். அந்த வசதியை இயக்குகிற கெமரா, எதிர் விளக்கை நேரில் பார்த்த பிறகுதான் இறக்கும், அதற்குள் எதிரே வந்தவர் கண் கூசி முடக்கில் தடுமாறுவார். இந்தக் கெமரா முன் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், கண்ணாடி மாற்றியிருந்தால் கெமராவைச் சரிபார்த்து அளவு வைத்தார்களா என்றும் கேள்.

ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன உருளை இருக்கிறதா பார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பின்னால் அரிசி மூட்டையும் ஆட்களும் ஏறினால் மூக்கு மேலே தூக்கும், லைட்டும் தூக்கும். அந்த உருளையைத் திருப்பி இறக்க வேண்டும். ஐரோப்பிய விதியில் இது கட்டாயம், அமெரிக்காவில் இல்லை. எல்.இ.டி. வண்டி பலதில் தானே இறங்கும். யாட்டிலேயே பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, சுவர்க் கோடு இறங்குகிறதா என்று பார்.

மற்றவை சுருக்கமாக. ஜப்பான் வண்டி ரேடியோ எஃப்.எம். 95 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாம் கேட்கிற தமிழ் அலைவரிசைகள் பல அதற்கு மேலே. தனியாக ஒரு சின்னக் கருவி பூட்டினால் கேட்கும், விலை பேசும்போதே அதையும் போட்டுத் தரச் சொல். பனி பெய்கிற வடக்கு ஜப்பானில் ஓடிய நாலு சக்கர இழுவை வண்டியென்றால் வீதியில் போடுகிற உப்பால் அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கலாம், லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் எடுக்காதே. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி ஜப்பானில் விற்கிற டொயோட்டா ரைஸில் 185 மில்லிமீட்டர், ஜிம்னி சியராவில் 210. நடுவில் கல் துருத்திய தோட்டத்து வழிக்கு அந்த இடைவெளி தேவைப்படும், அழகுக்காக முன்னால் தாழ்வாகப் பூட்டிய பம்பர் அதைத் தின்றுவிடும்.

எல்லாம் பிடித்துப்போனாலும் அன்றைக்கே முற்பணம் கொடுக்காதே. நீ பார்த்த லைட், கிரேடு, ஏலத் தாள் எண் மூன்றையும் விற்பனைப் பத்திரத்தில் எழுதி வாங்கு. லைட் மாற்றியது என்றால் அதையும் எழுதச் சொல். மறுநாள் உன் வீட்டுக்காரரையும், தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய், இருட்டின பிறகு ஹாலி எல வரைக்குமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டு.